மணி அடித்தவன் யார்?

ஆராய்ச்சி மணியை அசைத்து நீதி கேட்ட பசுவின் கதையை நாம் ஆண்டுதோறும் வகுப்பறையில் சொல்லி வருகிறோம். மனுநீதிச் சோழனின் நடுவுநிலையை வியக்கும் மாணாக்கரிடம் நான் ஒரு வினா எழுப்புவதுண்டு. தேர் ஊர்ந்த அரசகுமாரனிடமே கூலி பெற்று, அவன் கொடுத்த கொட்டிலிலேயே குடியிருந்திருந்தால், அப்பசு மணியைத் தொட்டிருக்குமா? வகுப்பு சற்று நேரம் அடங்கிவிடும். அரண்மனை வாயிலில் மணி ஒலித்தால் அடித்தவர் யார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும் அன்றோ?

முறையிடும் உரிமை வேறு. முறையிட்டவனுக்குக் காப்பு வேறு. முன்னது மலாயாத் தோட்டத் தொழிலாளருக்கு ஏட்டளவிலேனும் முன்னரே கிட்டியது. பின்னதோ மிகப் பிந்தி வந்தது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. 1912இல் மலாய்க் கூட்டு மாநிலங்களில் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தை ஒட்டி, இந்திய அரசின் ஏஜண்டு ஒருவரும் மலாயாவில் அமர்த்தப்பட்டார். ஆகவே குறை சொல்ல இடமில்லை என்று கூற முடியாது. சொல்லும் துணிவுக்குத்தான் இடமில்லை. லயத்து வீடு தோட்டத்துக்குரியது. வேலை போனால் அன்றே வீடும் போகும். கங்காணியோ பலருக்குச் சொந்த ஊர்க்காரன், கடன் கொடுத்தவன். பிரட்டுக்களத்தில் துரையும் கிராணியும் கங்காணியும் சூழ்ந்து நிற்க, "உங்களுக்கு ஏதேனும் குறை உண்டா?" என்று அதிகாரி கேட்டால் யார் வாய் திறப்பார்? அந்த மௌனத்தைக் குறையின்மை என்று கொள்வது எளிதாயிற்று.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம் இம்மௌனத்தைக் கலைத்தது. தொழிலாளர் வைத்த கோரிக்கைகள் கூலி உயர்வோடு நிற்கவில்லை. கொடுமை செய்யும் அலுவலரை நீக்க வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும், மேலாளரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றெல்லாம் கேட்டனர். அவற்றுள் ஒன்று நாம் ஊன்றி நோக்கத்தக்கது: குறைகளை எடுத்துச் சொல்பவரைப் பழிவாங்கக் கூடாது என்பது அது. விளைந்தது என்ன? வெளிப்படையாக முன்னின்ற ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். பழிவாங்காதீர் என்று கேட்ட இயக்கத்தின் தலைவருக்கே அக்கதி நேர்ந்தது.

இதற்கு மாற்று மருந்து போரின் பின்னரே உருப்பெற்றது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1947ஆம் ஆண்டில் தொழில் ஆய்வு பற்றி இயற்றிய 81ஆம் உடன்படிக்கையின் 15ஆம் விதி இரண்டு கட்டளைகளை இடுகிறது. முறையீடு யாரிடமிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் முற்றும் மறைவாகக் காக்க வேண்டும் என்பது ஒன்று. முறையீடு வந்ததனால்தான் ஆய்வுக்கு வந்தோம் என்பதையே முதலாளிக்கு உணர்த்தக் கூடாது என்பது மற்றொன்று. மலாயா இதனை 1963இல் ஏற்றது.

இரண்டாம் கட்டளையில்தான் நுட்பம் அடங்கியுள்ளது. பெயரை மட்டும் மறைத்தால் போதாது. ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு பிரிவிலிருந்து குறை வந்தது என்றாலே, சொன்னவர் இன்னார் என்று ஊகித்துவிடுவார்கள். ஆதலின் ஆய்வாளர் வழக்கமான ஆய்வுக்கு வந்தவர் போல் வந்து, எல்லார் செக்ரோலையும் பார்த்து, எல்லாரையும் தனித்தனியே வினவ வேண்டும்.

இதை நான் பட்டறிந்தவன். ஆசிரியப் பணியேற்ற புதிதில், பால்வெட்டும் பெண்மணி ஒருவருக்கு நாட்கூலி குறைத்து எழுதப்பட்டது பற்றி, பெயரிடாமல் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். மனு எப்படியோ தோட்டத்துக்கே திரும்பி வந்தது. கிராணியின் மகள் என் வகுப்பில் படித்தாள். தேர்ச்சி அட்டையில் நாள்தோறும் கண்ட கையெழுத்தை அவர் அறியாமலிருப்பாரா? யாருக்காக எழுதினேன் என்பதையும் அறிந்துகொண்டார்கள். மறுவாரமே அந்த அம்மையாருக்கு மேட்டு நிரை கொடுக்கப்பட்டது. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

"பெயரை மறைத்தால் பொய்யும் புறங்கூற்றும் பெருகாவோ?" என்பார் உளர். நேரிய ஐயமே. ஆயினும் மொட்டைக் கடிதம் வேறு; காக்கப்பட்ட பெயர் வேறு. மொட்டைக் கடிதம் எழுதியவரை யாரும் அறியார். அவரை மேலும் வினவவும் இயலாது. காக்கப்பட்ட பெயரையோ விசாரிக்கும் அதிகாரி அறிவார், குற்றஞ்சாட்டப்பட்டவர் அறியார். மலேசியாவில் 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் இவ்வடிப்படையில் அமைந்ததே. அமலாக்க அமைப்பிடம் நல்லெண்ணத்தோடு சொல்பவரின் அடையாளத்தை அது காக்கிறது. பொய்யென்று அறிந்தே சொல்பவர் அக்காப்பை இழப்பார்.

சட்டம் வந்துவிட்டது, பழக்கம் வந்ததா? நம் ஆசிரியர் அறையிலும் ஒரு குறை காதில் விழுந்தால், "இதைச் சொன்னது யார்?" என்றே முதலில் கேட்கிறோம். "இது உண்மையா?" என்பதன்றோ முதல் வினாவாக இருத்தல் வேண்டும்? சோழன் மணியோசை கேட்டதும், அடித்தது பசுவென்று புறந்தள்ளவில்லை. நேர்ந்தது என்னவென்று ஆராய்ந்தான். மாணாக்கருக்கு அக்கதையைச் சொல்லும் நாம் அதனை முதலில் கற்போமாக.