மீன்தொட்டிச் செடிகள்: தேர்வும் கவாத்தும்

மீன்தொட்டிச் செடிகள் என்பவை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நீருக்கடியில் வளர்க்கப்படும் உயிர்ச்செடிகள். மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியாவை இவை உறிஞ்சிக்கொள்ளும்; குஞ்சுகளுக்கு ஒளிய இடம் தரும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி, விளிம்புவரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான் கொள்ளும். அவ்வளவு சிறிய இடத்தில் எந்தச் செடியை நடுகிறோம் என்பதைப் பொறுத்தே பின்னால் கத்தரிக்கோலுக்கு எவ்வளவு வேலை என்பது அமையும்.

வாங்கும்போது வளர்முனை எங்கே என்று பார்க்க வேண்டும். தண்டுச் செடிகளுக்கு அது உச்சியில் இருக்கும். குளத்தங்கரைச் சேற்றில் படரும் நீர்ப்பிரமி, தொட்டிக்குள் நட்டால் நிமிர்ந்து நிதானமாக வளரும். நீர்முள்ளிக்கு உறவான ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மாவோ சில வாரங்களில் நீர்மட்டத்தைத் தொட்டுவிடும். சிறு தொட்டிக்கு நீர்ப்பிரமியே மேல். மேற்கு ஆப்பிரிக்காவின் அனுபியாஸ் நானா, ஜாவா பெரணி ஆகியவற்றின் வளர்முனை கிடைத்தண்டின் நுனியில் உள்ளது. அந்தத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்ட வேண்டும். குறைந்த வெளிச்சமே போதும்.

இலங்கை ஓடைகளுக்குரிய கிரிப்டோகோரைன் வெண்ட்டி தனிக் கவனத்துக்கு உரியது. இடம் மாறியதும் இதன் இலைகள் வெந்த கீரைபோலக் குழைந்து கரைந்துவிடும். செத்துவிட்டதென்று பிடுங்கி எறிபவர்களே அதிகம்; பாவம், மண்ணுக்குள் வேர் உயிரோடுதான் இருக்கும். சில வாரம் பொறுத்தால் புது இலை எட்டிப்பார்க்கும். கடைகளில் நீர்ச்செடியென்று விற்கப்படும் ‘லக்கி பாம்பூ’ உண்மையில் நிலத்துச் செடி. முழுக்க மூழ்கவைத்தால் மெல்ல அழுகி நீரைக் கெடுக்கும்.

கவாத்துக்கு முன் வடிகட்டியை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் துணுக்குகள் அதில் போய் அடைத்துக்கொள்ளும். நீர்ப்பிரமித் தண்டில் இலைகள் எதிரெதிராக அமைந்த கணுவுக்குச் சற்று மேலே, கூரிய கத்தரிக்கோலால் ஒரே வெட்டு. மழுங்கியது தண்டை நசுக்கும், நசுங்கிய இடம் கறுத்து அழுகும். சில நாளில் கணுவின் இலைக்கக்கங்களிலிருந்து துளிர்கள் கிளம்பும். வெட்டிய தலைப்பகுதியில் அடியிலைகளைக் கிள்ளிவிட்டு மணலில் குத்தினால் அதுவும் ஒரு செடி. கிரிப்டோகோரைனுக்கு உச்சியை வெட்டக் கூடாது. பழுத்த வெளியிலைகளை மட்டும் அடியோடு நறுக்க வேண்டும். அனுபியாஸ் தண்டை, துண்டுக்கு மூன்று நான்கு இலையாவது இருக்கும்படி பிரிக்கலாம். எதையும் ஒரே நாளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைத்தால் பாசி முந்திக்கொள்ளும்.

வெட்டிய துணுக்குகளை ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டவே கூடாது. இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா, அமெரிக்க நீர்நிலைகளில் பரவி அங்கே தடைசெய்யப்பட்ட களையாகிவிட்டது. ஒரு கணு கிடந்தாலும் அது வேர்விடும். வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடலாம்.