பேக்கார்டு: பரிசோதனை எஞ்சின்களும் காப்புரிமைகளும்

பேக்கார்டு, 1899 முதல் 1958 வரை அமெரிக்காவில் தயாரான சொகுசுக் கார்களின் பெயர். ஓகையோ மாநிலத்து வாரன் நகரில் ஜேம்ஸ் வார்டு பேக்கார்டும் அவருடைய அண்ணன் வில்லியமும் தொடங்கிய நிறுவனம் 1903இல் டெட்ராய்ட்டுக்கு இடம் மாறியது. அதன் கார்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் பரிசோதனைக் கூடத்தின் துணிச்சலான வேலைகள் பலவும் விமான எஞ்சின்களில்தான் நடந்தன. கார் பட்டியல்களை மட்டும் புரட்டுகிறவர்கள் கண்ணில் அவை படுவதில்லை.

1916இல் தலைவர் பொறுப்புக்கு வந்த ஆல்வன் மெக்காலே தொழிலால் காப்புரிமை வழக்கறிஞர். தலைமைப் பொறியாளர் ஜெஸ்ஸி வின்சென்ட் 1912இல் வந்து சேர்ந்தவர். இருவருமே அதற்கு முன்பு பரோஸ் கணக்கு இயந்திர நிறுவனத்தில் இருந்தவர்கள். பிறருடைய கண்டுபிடிப்பை உரிமம் பெற்று வாங்கி, அதைத் தம் பட்டறையில் தேற்றி எடுப்பதில் பேக்கார்டுக்கு இருந்த தெளிவுக்கு இந்தப் பின்னணி ஒரு காரணமாக இருக்கலாம்.

வின்சென்ட்டின் முதல் பெரிய சாதனை, 1915இல் அறிமுகமான 'ட்வின் சிக்ஸ்'. பன்னிரண்டு சிலிண்டர்களை V வடிவில் அடுக்கிய எஞ்சினுடன் தொடர் உற்பத்திக்கு வந்த முதல் கார் அதுவே. அதே அடுக்கை வைத்து 905 கன அங்குலக் கொள்ளளவுள்ள விமான எஞ்சின் ஒன்றும் சோதனைக்காக உருவானது. 1917 மே மாத இறுதியில் வாஷிங்டனின் வில்லர்ட் ஹோட்டல் அறையில் வின்சென்ட்டும் ஹால்-ஸ்காட் நிறுவனத்தின் ஈ. ஜே. ஹாலும் உட்கார்ந்து ஒரு வாரத்துக்குள் 'லிபர்ட்டி' போர் விமான எஞ்சினை வரைந்து முடித்த கதை பிரபலமானது. அந்த வேகத்துக்குப் பின்னால் இந்த 905இல் பெற்ற அனுபவம் இருந்ததைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 905 பின்னர் பந்தயக் கார் ஒன்றிலும் ஏறியது. 1919 பிப்ரவரியில் டேடோனா கடற்கரையில் ரால்ஃப் டிபால்மா அதை மணிக்கு 149.875 மைல் வேகத்தில் ஓட்டினார்.

நிறுவனத்தின் சோதனைகளிலேயே அசாதாரணமானது டிஆர்-980 என்ற டீசல் விமான எஞ்சின். அதுவரை டீசல் எஞ்சின் என்றாலே கப்பலுக்கும் ஆலைக்கும் உரிய கனத்த இரும்பு. 1927இல் மெக்காலே ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் டோர்னரின் காப்புரிமைகளுக்கு உரிமம் பெற்றார். பேக்கார்டின் பொறியாளர் லயனல் வுல்சன் அந்த அடிப்படையில், காற்றால் குளிரும் ஒன்பது சிலிண்டர்களை நட்சத்திரமாக அடுக்கி, 510 பவுண்டு எடையில் 225 குதிரைத்திறன் தரும் எஞ்சினை வடிவமைத்தார். எடையைக் குறைத்த விதம்தான் சுவையானது. கிராங்க் பெட்டி மக்னீசியக் கலவையில் வார்த்தது. எடை 34 பவுண்டுதான். டீசலின் கடும் அழுத்தம் அதைப் பிளந்துவிடாதபடி, சிலிண்டர்களை போல்ட்டால் பூட்டாமல் எஃகு வளையங்களால் சுற்றி இறுக்கினார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே வால்வு; காற்று நுழைவதும் புகை வெளியேறுவதும் அதன் வழியேதான்.

1928 செப்டம்பரில், மிச்சிகனில் பேக்கார்டின் சொந்தச் சோதனைத் திடலிலிருந்து, ஸ்டின்சன் விமானத்தில் இந்த எஞ்சினைப் பூட்டி வால்டர் லீஸ் பறந்தார். டீசலால் ஒரு விமானம் பறந்தது உலகில் அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு டெட்ராய்ட்டிலிருந்து வர்ஜீனியாவின் லாங்லி தளம் வரை பறக்க எரிபொருளுக்கு ஆன செலவு ஐந்து டாலருக்கும் குறைவு. 1931 மே மாதம் லீஸும் ஃப்ரெடெரிக் ப்ராஸியும் பெல்லாங்கா விமானத்தில், நடுவே எரிபொருள் நிரப்பாமல் 84 மணி 32 நிமிடம் வானில் இருந்தார்கள். 1986இல் வாயேஜர் விமானம் வரும்வரை அந்தச் சாதனை நின்றது. விமானத் துறைச் சாதனைக்கு வழங்கப்படும் காலியர் கோப்பையும் 1931க்கு பேக்கார்டுக்கே கிடைத்தது.

ஆயினும் ஏறத்தாழ நூறு எஞ்சின்களோடு கதை முடிந்தது. 1930 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் பனிப்புயலில் சிக்கிய விமானம் விழுந்து வுல்சன் இறந்தார். எஞ்சினின் அதிர்வு கடுமையாக இருந்தது. எடைக்காக ஏற்ற ஒற்றை வால்வு புகையைத் தனிக்குழாயில் சேர்த்து வெளியேற்ற இடம் தரவில்லை. பயணிகளின் உடையில் டீசல் நாற்றம் ஒட்டியது. பொருளாதார மந்தம் வேறு. பெட்ரோலின் தரமும் உயர்ந்துகொண்டே வந்தது. சிக்கனம் ஒன்றை மட்டும் காட்டி விற்க முடியவில்லை.

இரண்டாம் உலகப் போரில் ரோல்ஸ்-ராய்ஸின் மெர்லின் எஞ்சினை உரிமம் பெற்று 55,523 எண்ணிக்கையில் தயாரித்தது உற்பத்திச் சாதனையே தவிர, பரிசோதனை அல்ல. போர்ப் படகுகளின் பேக்கார்டு எஞ்சின் லிபர்ட்டியின் வழிவந்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். அது தவறு. 1920களில் பேக்கார்டு தனியாக வடித்த 2500 கன அங்குல விமான எஞ்சினே அதன் மூலம்.

போருக்குப் பின் காப்புரிமைகளின் கவனம் எஞ்சினை விட்டு நகர்ந்தது. 1949இல் 'அல்ட்ராமேட்டிக்' தானியங்கி கியர் வந்தது. சீரான வேகத்தில் எஞ்சினைச் சக்கரங்களோடு நேரடியாகப் பிணைக்கும் கிளட்ச் அதில் உண்டு. பின்னாளில் தம் பெயரிலேயே கார் செய்த ஜான் டிலோரியன், இளம் பொறியாளராக இதன் அடுத்த வடிவத்தில் வேலை செய்தவர். 1955இல் வில்லியம் ஆலிசனின் 'டார்ஷன்-லெவல்' வந்தது. முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் நீண்ட முறுக்குக் கம்பிகளால் இணைத்து, பாரம் ஏறினால் மின்மோட்டாரால் காரை மட்டப்படுத்தும் ஏற்பாடு அது. 1954இல் ஸ்டுடிபேக்கரோடு இணைந்த நிறுவனம் 1956இல் டெட்ராய்ட் உற்பத்தியை நிறுத்தியது.

இந்த வரலாற்றைத் தேடுவோர் நிறுவனத்தின் பெயரைவிட ஆட்களின் பெயரைப் பின்தொடர்வது பலன் தரும். அமெரிக்கக் காப்புரிமை கண்டுபிடித்தவர் பெயரில்தான் விண்ணப்பிக்கப்பட்டது. உரிமை மாற்றிக்கொண்டவராகத்தான் நிறுவனம் வரும். விண்ணப்ப நாளுக்கும் வழங்கிய நாளுக்கும் இடையே ஆண்டுகள் ஓடியிருக்கும் என்பதால், காலவரிசைக்கு முன்னதையே கொள்ள வேண்டும். காப்புரிமை வரைபடம் உரிமை கோரும் எல்லையைக் காட்டுமே ஒழிய, பட்டறையில் ஓடிய எஞ்சினைக் காட்டாது. டிஆர்-980ஐப் பொறுத்தவரை ராபர்ட் மேயர் எழுதி ஸ்மித்சோனியன் 1964இல் வெளியிட்ட ஆய்வேடு இவ்விரண்டையும் ஒப்பிட உதவும். நிறுவன ஆவணங்களுக்கு சவுத் பெண்டில் உள்ள ஸ்டுடிபேக்கர் தேசிய அருங்காட்சியகத்தை நாடலாம்.