எஸ்டர் சோப்பாதல் வினைவேகம்: அளவீட்டின் வரலாறு

எஸ்டர் ஒன்று காரத்துடன் வினைபுரிந்து ஆல்கஹாலையும் அமிலத்தின் உப்பையும் தருவது சோப்பாதல் எனப்படும். எண்ணெயில் காரம் சேர்த்துச் சோப்பு காய்ச்சும்போது நிகழ்வதும் இதுவே. கொழுப்பு எவ்வகைப் பொருள்களாகப் பிரிகிறது என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1823-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆனால் சோப்பாதல் எவ்வளவு வேகத்தில் நிகழ்கிறது என்பதைக் கணித விதியாக எழுத மேலும் 58 ஆண்டுகள் ஆயின.

ஏன் இந்த வினை?

வினைவேகத்தை முதலில் அளந்தவர் ஜெர்மானியரான வில்ஹெல்மி. 1850-இல் அமிலம் சேர்த்த சர்க்கரைக் கரைசல் ஒளியின் தளத்தைத் திருப்பும் கோணம் மாறுவதைக் கொண்டு அவர் வேகத்தைக் கணித்தார். எஸ்டர் கரைசலில் அத்தகைய வசதி இல்லை. மேலும், 1862-இல் பெர்த்தலோவும் சான் ஜீலும் காட்டியபடி, அசிட்டிக் அமிலத்தையும் எத்தில் ஆல்கஹாலையும் சம மோல் அளவில் கலந்தால் சுமார் மூன்றில் இரண்டு பங்கு எஸ்டரானதும் வினை நின்றுவிடும். எதிர்வினையும் உடன் நடப்பதே காரணம். காரம் சேர்க்கும்போது இந்தச் சிக்கல் இல்லை. உண்டாகும் அமிலம் உடனே உப்பாகிவிடுவதால் வினை ஒரே திசையில் முடிவு வரை செல்கிறது.

வார்டரின் ஆய்வு

1881-இல் அமெரிக்கரான ராபர்ட் வார்டர், எத்தில் அசிட்டேட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் வினைபுரியும் வேகத்தை ஆராய்ந்து வெளியிட்டார். வேகம் இரு பொருள்களின் செறிவுகளின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்தில் இருந்தது. அதாவது இது இரண்டாம் வகை வினை.

கல்லூரி ஆய்வகங்களில் இதை எளிதாகச் சோதிக்கலாம். குறித்த நேரங்களில் பிப்பெட்டால் சிறிது கலவையை எடுத்து, அளவு தெரிந்த மிகையான குளிர்ந்த அமிலத்தில் விட வேண்டும். காரம் நடுநிலையாகி வினை அந்தக் கணமே நின்றுவிடும். மீதமுள்ள அமிலத்தைத் தரம்பார்த்தால், எவ்வளவு காரம் எஞ்சியிருந்தது என்று தெரியும்.

இரண்டும் 0.01 மோலார் செறிவில் இருந்தால், 25° செல்சியஸில் பாதி வினை முடியச் சுமார் 15 நிமிடம் ஆகும். மறுபாதியும் அடுத்த 15 நிமிடத்தில் முடிந்துவிடும் என்று எண்ணக் கூடாது. மீதியில் பாதி கரையவே 30 நிமிடம் வேண்டும். இரு பொருள்களும் ஒருசேரக் குறைவதால் அரைவாழ் காலம் இரட்டிக்கிறது. முதல் வகை வினையில் அது மாறாது.

வான்ட் ஹாஃப் 1884-இல் வெளியிட்ட நூலில், வினையில் பங்குபெறும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் கொண்டு வினைகளை வகைப்படுத்தினார். 1889-இல் அர்ரீனியஸ் வெப்பநிலைக்கும் வேக மாறிலிக்கும் உள்ள தொடர்பை நிறுவினார்.

மாதிரி எடுக்காமல் அளத்தல்

1906-இல் ஜேம்ஸ் வாக்கர் மின்கடத்துத்திறன் வழியாக அளக்கும் முறையை வெளியிட்டார். ஹைட்ராக்சைடு அயனி, அசிட்டேட் அயனியைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு நன்றாக மின்னோட்டத்தைக் கடத்தும். முன்னது குறைந்து பின்னது கூடும்போது கரைசலின் கடத்துத்திறன் படிப்படியாக இறங்கும். எனவே கலவையைத் தொடாமலே வினையைப் பின்தொடரலாம்.

வேகம் சொல்லாத செய்தி

எஸ்டரில் ஓர் ஆக்சிஜனின் இரு புறமும் பிணைப்புகள் உள்ளன. எது முறிந்தாலும் வேக விதி ஒன்றாகவே இருக்கலாம். எனவே எத்தனை துல்லியமாக அளந்தாலும் விடை கிடைக்காது. 1934-இல் பொலான்யியும் சாபோவும் கன ஆக்சிஜன் (ஆக்சிஜன்-18) செறிந்த நீரில் அமைல் அசிட்டேட்டைச் சோப்பாக்கினர். கிடைத்த ஆல்கஹாலில் கன ஆக்சிஜன் இல்லை. ஆகவே ஆல்கஹால் தன் பழைய ஆக்சிஜனுடனேயே வெளியேறியது. முறிந்தது கார்போனைல் கார்பன் பக்கத்துப் பிணைப்பு.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். தொடக்கச் செறிவுகள் சமமாக இருக்கையில், செறிவின் தலைகீழ் மதிப்பை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்வு வேக மாறிலியைத் தரும். அது வினையின் வகையை உறுதிசெய்யும். வினை நடக்கும் வழியை முழுவதும் சொல்லிவிடாது. அதற்கு வேறொரு சோதனை வேண்டும்.