டேங்க் 1990: ஒரு விளையாட்டும் ஒரு வருடமும்



போன கிழமை டியூஷனுக்கு வரும் பையன் ஒருவன் லெப்டொப்பில் பழைய தாங்கி விளையாட்டைக் காட்டினான். தாங்கி சுட்டால் குண்டுச் சத்தம் வரவில்லை. மாரியோ காசு எடுக்கும்போது கேட்குமே, அந்தச் சத்தம். "நான்தான் மாத்தினேன் சேர்" என்றான்.

என் வயதுக்காரர்களுக்கு அந்த விளையாட்டு ஞாபகமிருக்கும். புத்தளத்தில் அகதி முகாமில் இருந்த காலத்தில், டவுன் கடையில் மணித்தியாலக் கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடினோம். திரையில் 'டேங்க் 1990' என்று போட்டிருக்கும்.

அதன் உண்மைப் பெயர் 'பேட்டில் சிட்டி'. நிண்டெண்டோ 1983இல் வெளியிட்ட ஃபேமிகொம் பெட்டிக்காக, ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1985இல் செய்தது. நம் கைக்கு வந்தவை அந்தப் பெட்டியின் நகல்கள். நகல் கெசட் செய்தவர்கள் அனுமதி கேட்காமல் உள்ளே கைவைத்தார்கள். தண்ணீரைக் கடக்க ஒரு கப்பலைச் சேர்த்தார்கள், பெயரையும் மாற்றினார்கள். ஆனால் பழைய சத்தங்களை விட்டுவைத்தார்கள். பெயர் போனாலும், கேட்டவருக்கு அது எந்த விளையாட்டு என்று தெரிந்துவிடும்.

சத்தத்தை மாற்றுவது லேசான வேலையில்லை. ஃபேமிகொமுக்கு ஐந்து ஒலித்தடங்கள்தான்: சதுர அலைக்கு இரண்டு, முக்கோண அலைக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று, சிறிய ஒலிப்பதிவுக்கு ஒன்று. குண்டுச் சத்தம் பதிவுசெய்யப்பட்ட ஒலியல்ல; எந்தத் தடம், எந்த உயரம், எவ்வளவு நேரம் என்று சொல்லும் எண்கள். ஒவ்வொரு நிறுவனமும் அந்த எண்களைத் தன் முறையில் எழுதியது. மாரியோவின் எண்களை அப்படியே எடுத்து வைத்தால் தாங்கி விளையாட்டுக்கு விளங்காது. பையன் காசுச் சத்தத்தின் இரண்டு சுரங்களையும் இந்த விளையாட்டின் முறைப்படி எழுதி, பழைய எண்கள் இருந்த இடத்துக்குள் அடக்கியிருக்கிறான். முழு விளையாட்டும் 24 கிலோபைட்தான். அதில் வீணான இடம் குறைவு.

இந்த வேலை செய்பவர்கள் முழு விளையாட்டையும் பகிர்ந்தால் அது காப்புரிமை மீறல். அதனால் 'பட்ச்' என்ற சின்னக் கோப்பை மட்டும் பகிர்வார்கள். எந்த இடத்தில் என்ன மாறியது என்பது மட்டும் அதில் இருக்கும். மூலம் கையில் இல்லாதவருக்கு அதனால் பயனில்லை.

எல்லாம் காட்டிவிட்டுப் பையன் கேட்டான்: "ஏன் சேர் 1990 என்று பேர் வெச்சாங்க?"

களவுப் பிரதிக்காரர் போட்ட பெயர் என்றேன். ஆனால் எங்களுக்கு 1990 என்றால் வேறு. அந்த ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம் மக்கள் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். வீடு போன பிள்ளைகள் நாங்கள், கடையில் இருந்துகொண்டு, திரையில் ஒரு கழுகுக் கோட்டையை எதிரிகள் உடைக்காமல் காத்துக்கொண்டிருந்தோம்.

பையன் மன்னாரில் பிறந்தவன். ஊருக்குத் திரும்பி வந்தோம் என்பது அவனுக்குத் தெரியும். எங்கிருந்து, எதை விட்டுப் போனோம் என்பது தெரியாது. அவனிடம் இருப்பது பட்ச் மட்டும். மூலம் நம் உம்மா, வாப்பாமாரிடம் இருக்கிறது. அவர்களுக்கு வயது போகிறது.

பிள்ளைகளின் கையில் ஃபோன் இருக்கிறது. இந்த லீவில் மூத்தவர்கள் பக்கத்தில் இருத்தி, அவர்கள் சொல்வதை அவர்கள் குரலிலேயே பதியச் சொல்லுங்கள். எழுதிக்கொள்வது பிறகு நடக்கும்.