ஒப்புரவு

கத்தோலிக்கக் குடும்பங்களில் வயதானவர்கள், குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் சடங்கை இன்றும் ‘பாவசங்கீர்த்தனம்’ என்றுதான் சொல்வார்கள். பூசைப் புத்தகங்களில் அது ‘ஒப்புரவு அருட்சாதனம்’ ஆகிவிட்டது. பழைய பெயர் பாவத்தை வாய்விட்டுச் சொல்வதைச் சுட்டுகிறது. புதிய பெயர், சொல்லி முடித்தபின் என்ன நடக்க வேண்டும் என்பதைச் சுட்டுகிறது. 1962–65 வத்திக்கான் சங்கம், பாவத்தால் முறிந்த உறவு கடவுளோடு மட்டுமன்றித் திருச்சபையோடும் சேர்க்கப்படுவதை வலியுறுத்தியது. 1973-இல் சடங்குமுறையும் திருத்தப்பட்டது. பெயர் மாற்றத்துக்குப் பின்னணி அதுவே.

சொல்லோ மிகப் பழையது. திருக்குறளின் 22-ஆம் அதிகாரம் ‘ஒப்புரவறிதல்’. ஊர் உண்ணும் குளத்தையும் ஊர்நடுவே பழுத்த மரத்தையும், பிறருக்குப் பயன்படும் செல்வத்துக்கு உவமையாக வள்ளுவர் அங்கே காட்டுகிறார். உரையாசிரியர் பரிமேலழகர் ஒப்புரவை ‘உலகநடை’ என்கிறார்: நூல்கள் விதித்துச் செய்வதன்று, தானே அறிந்து செய்வது. அதிகாரத்தின் கடைசிக் குறள் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒப்புரவால் கேடு வருமானால், தன்னை விற்றாவது அந்தக் கேட்டை வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் வள்ளுவர். சிலுவையைப் பற்றி அறியாத ஒருவர் எழுதியது இது. படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலுவைதான் நினைவுக்கு வருகிறது.

1871-இல் வெளிவந்த ‘பவர் திருப்புதல்’ என்னும் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில், பவுலின் ‘கதல்லகே’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு நேராக ‘ஒப்புரவாக்குதல்’ நிற்கிறது. கிரேக்கச் சொல்லின் வேர் கடைத்தெருவில் இருக்கிறது. நாணயம் மாற்றுவதைக் குறித்த சொல், பகையை நட்பாக மாற்றுவதற்கு ஆகிவந்தது. பவுலுக்கு முன்பே மக்கபேயர் இரண்டாம் நூல் அதைக் கடவுளுக்குப் பயன்படுத்துகிறது. ஆனால் அங்கே சினந்திருப்பவர் கடவுள். மக்கள் மன்றாட, அவர் மனமிரங்கி ஒப்புரவாகிறார். பவுல் இதைத் திருப்பிப்போட்டார். அவருடைய நிருபங்களில் கடவுள் ஒருபோதும் சமாதானப்படுத்தப்படுவதில்லை. ஒப்புரவாக்குகிறவரே அவர்தான்.

ஒப்புரவாக்குகிறவர் கடவுளே என்றால், பலியின் பொருளே மாறிவிடுகிறது. சங்க காலம் தொட்டுத் தமிழில் பலி என்றால் தெய்வத்துக்கு இடும் சோறு, மலர்; மனிதன் கொடுக்க, தெய்வம் கொள்ளும். கிறிஸ்தவ விசுவாசத்தின் நடுவில் இருக்கும் பலியில் கொடுப்பவர், குற்றத்தால் புண்பட்டவரே. ஆகவே மன்னிப்பைப் பலி கொடுத்து வாங்கிய சரக்காகப் பேசும் பிரசங்கங்களை என்னால் ஏற்க முடிவதில்லை. மன்னிக்க முன்வந்தவர் அதற்கான விலையைத் தாமே சுமந்தார் என்பதுதான் சுவிசேஷம்.

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வது இதோடு சேர்ந்தது. காணிக்கையோடு பலிபீடத்தண்டை வந்தபின், சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறார். கேட்டவர்களில் பலர் கலிலேயர்கள், பலிபீடம் இருந்ததோ எருசலேமில். நடந்து போனால் பல நாள் வழி. கொண்டுவந்ததை வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பி, சண்டையைத் தீர்த்து, மறுபடியும் அவ்வளவு தூரம் வர வேண்டும். அதைத் தெரிந்தேதான் சொன்னார் என்று நம்புகிறேன். கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த திருவிவிலியம் பவுலிடத்தில் ‘ஒப்புரவு’ என்பதை வைத்துக்கொண்டு, மத்தேயுவில் மட்டும் ‘நல்லுறவு ஏற்படுத்துதல்’ என்று மாற்றியிருக்கிறது. எளிதாகப் புரிகிறது, சரி. ஆனால் கடவுள் மனிதனுக்குச் செய்ததையும் மனிதன் சகோதரனுக்குச் செய்ய வேண்டியதையும் தமிழில் கட்டியிருந்த ஒரே சொல் அங்கே அறுந்துபோனது எனக்கு வருத்தமே.

1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950-இன் திருவிருந்து ஆராதனைமுறையில் அந்தப் பிணைப்பை வேறு விதமாகக் காத்தது. சிரியன் கிறிஸ்தவர்களின் மரபிலிருந்து ‘சமாதானம்’ கொடுக்கும் வழக்கத்தை எடுத்து, காணிக்கைக்கு முன்னால் வைத்தது. தருபவரின் வலது உள்ளங்கைமேல் பெறுபவர் தம் வலது உள்ளங்கையை வைக்க, இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்கிறார்கள். அதன் பிறகுதான் அப்பமும் இரசமும் மேசைக்கு வரும். பல சபைகளில் இன்று இது அவசரக் கைகுலுக்கலாகிவிட்டது. பக்கத்து பெஞ்சுக்காரரோடு கைகுலுக்குவது எளிது; வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திவிட்டு எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அண்ணனிடம் எழுந்துபோவதற்காகவே அந்த இடம் ஆராதனையில் ஒதுக்கப்பட்டிருக்கிறது.