அக்குளில் கட்டும் நெறி: மார்பகப் புற்றுநோய்க்கு வழிவிடும் காவல் அணுக்கள்

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்ததுதான். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் கூடும் இடம் அது. மருத்துவர்கள் நிணநீர் முடிச்சு என்பார்கள். மார்பகத்திலிருந்து வடியும் நிணநீரில் பெரும்பகுதி அக்குள் முடிச்சுகளுக்கே போகிறது. மார்பகப் புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் முதலில் அங்கே தென்படுவது இதனால்தான்.

காவல் அணுக்கள் நிறைந்த இடத்தில் புற்றணு எப்படிக் குடியேறுகிறது? அந்தக் காவலர்களில் சிலரே அதற்கு வழி அமைத்துக் கொடுக்கிறார்கள் என்பதுதான் வியப்பு. மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கணுக்கள் கிருமிகளையும் இறந்த செல்களையும் விழுங்கிச் சுத்தம் செய்பவை. புண் ஆறும்போது புதிய நாளங்கள் வளரவும் உதவுபவை. புற்றுக்கட்டி இவற்றைத் தன் பக்கம் இழுத்து, ஆறாத புண்ணைப் போல ஓயாமல் வேலை வாங்குகிறது. அவை சுரக்கும் விஇஜிஎஃப்-சி என்ற புரதம் கட்டியைச் சுற்றிப் புதிய நிணநீர் நாளங்களை வளரச் செய்கிறது. புற்றணு வெளியேற வாசல் கிடைத்துவிடுகிறது.

போகும் திசையும் இரவல்தான். டென்ட்ரிடிக் செல்கள் என்னும் தூது அணுக்கள், தம்மீதுள்ள சிசிஆர்-7 என்ற ஏற்பியின் உதவியால் நிணநீர் முடிச்சைத் தேடிச் செல்கின்றன. அதே ஏற்பி மார்பகப் புற்றணுக்களிலும் இருப்பதை 2001இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

எல்லா அணுக்களும் இப்படி இல்லை. டி செல்களில் ஒரு பிரிவு எதிர்ப்பை அடக்கிப் புற்றுக்குச் சாதகமாகிறது. மற்றொரு பிரிவு புற்றணுவைக் கொல்கிறது. டிரிபிள் நெகட்டிவ் வகைக் கட்டிக்குள் இத்தகைய வெள்ளை அணுக்கள் நிறையப் புகுந்திருந்தால் பொதுவாக நல்ல அறிகுறி. ஆகவே 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று விற்கப்படும் பொடிகளையும் லேகியங்களையும் நம்பி மாதங்களைக் கடத்துவது வீண். எந்த அணுவைத் தூண்டுவது, எதை அடக்குவது என்பதல்லவா கேள்வி?

மார்பிலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால், வலி இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வெட்கம் தடுத்தால் பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறலாம். அறுவை என்றாலே அக்குள் முழுவதையும் வழித்தெடுத்து, கை வீங்கிப்போகும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆரம்ப நிலையில் இப்போது பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. சாயம் செலுத்தி, நிணநீர் முதலில் சென்றடையும் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். அவற்றில் புற்று இல்லையென்றால் மற்ற முடிச்சுகளை விட்டுவிடுகிறார்கள்.