விரிஞ்சிபுரத்து வம்சமும் ஆங்கிலேயரின் வாத்திய கோஷ்டியும்

வேலூரிலிருந்து ஆம்பூர் வரை பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் பிரதேசம் இன்று தோல் பதனிடும் தொழிலாலும் காலணித் தொழிற்சாலைகளாலும் தேசாந்தரங்களில் பிரசித்தி பெற்றிருப்பினும், அவ்வழியில் உள்ள விரிஞ்சிபுரம் என்னும் புராதன க்ஷேத்திரத்துக்கு நம் சங்கீத சரித்திரத்தில் ஒரு கௌரவமான ஸ்தானம் உண்டு. மார்க்கபந்தீசுவரர் எழுந்தருளியுள்ள அவ்வூரில் வாழ்ந்த ஓர் அந்தணக் குடும்பம், அக்காலத்துக் கலகங்களால் நிலைகுலைந்து, கும்பகோணத்தை அடுத்த கோவிந்தபுரத்துக்குக் குடிபெயர்ந்தது. 1735-இல் அக்குடும்பத்தில் தோன்றிய ராமஸ்வாமி தீக்ஷிதரே ஹம்ஸத்வனி ராகத்தை நமக்கு அளித்தவரும், முத்துஸ்வாமி தீக்ஷிதருக்குத் தந்தையாகும் பேறு பெற்றவரும் ஆவார். மதிலழகுக்குத் திருவிரிஞ்சை எனப்படும் விரிஞ்சிபுரத்தையும் தேரழகுக்குத் திருவாரூரையும் ஒருசேரப் போற்றுவது தமிழர் வழக்கு. மதிலூரை விட்டுப் புறப்பட்ட அவ்வம்சம் தேரூரில் வேரூன்றித் தழைத்தது.

ராமஸ்வாமி தீக்ஷிதர் பத்து வயதுப் பாலகராயிருந்த 1745-இல், ஸ்காட்லாந்தில் மூண்ட கலகத்தால் சிங்காதனமே ஆட்டங்கண்டிருந்த தறுவாயில், லண்டனின் ட்ரூரி லேன் நாடகசாலையில், அரசரைக் காக்குமாறு இறைவனை வேண்டும் பாட்டு ஒன்று தாமஸ் ஆர்ன் என்பவர் வாத்திய கோஷ்டிக்கு இசைய அமைத்த வடிவில் அரங்கேறியது. மூல கர்த்தா இன்னாரென்று துணிய இயலாத அம்மெட்டே நாளடைவில் ஆங்கிலேயரின் ராஜ கீதமாகி, அவர்கள் படை சென்ற இடமெல்லாம் உடன் சென்றது.

பிற்காலத்தில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் என்னும் புரவலரின் ஆதரவில் தீக்ஷிதர் குடும்பம் வாழ்ந்த நாட்களில், அவருடைய குமாரர் சின்னையா முதலியார் முத்துஸ்வாமி தீக்ஷிதரையும் அவர் சகோதரரையும் சென்னைக் கோட்டைக்கு அழைத்துச் சென்று, கிழக்கிந்தியக் கும்பினியாரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்பித்தார். அங்கே கேட்டவற்றைத் தம்பி பாலுஸ்வாமி ஒருவிதமாகவும், தமையனார் முத்துஸ்வாமி வேறுவிதமாகவும் ஸ்வீகரித்தனர். தம்பி, ஐரோப்பியர் ஒருவரிடம் பிடிலைப் பயின்று, அந்நிய வாத்தியத்தில் நம் ராகங்களை வாசித்துக் காட்டினார். தமையனாரோ, மேனாட்டு மெட்டுகளைக் கமகத்தால் மாற்றாமல் அவற்றின் இயல்பிலேயே வைத்து, சங்கராபரணத்தின் ஸ்வரங்களோடு அவை பொருந்தியிருத்தலை உணர்ந்து, ஸம்ஸ்கிருத சாஹித்யங்களை அவற்றுக்கு இயற்றினார். சுமார் 40 உருப்படிகள் கொண்ட இந்த நொட்டு ஸ்வர சாஹித்யங்களில் ஐரிஷ் நடன மெட்டும் உண்டு. 'சந்ததம் பாஹிமாம்' என்னும் உருப்படியிலோ, ஆங்கில மன்னருக்கு ஆயுளை வேண்டிய அதே மெட்டு, சங்கீத சியாமளையான அம்பிகையின் அருளை வேண்டுகிறது.

புறத்தேயிருந்து வரும் வித்தையால் சொந்தக் கலை சிதைந்துவிடும் என்று அஞ்சுவோர் இவ்விரு சகோதரரின் சரித்திரத்தை ஊன்றிப் படித்தல் வேண்டும். நவக்கிரக கிருதிகளையும் கமலாம்பா நவாவரணத்தையும் அருளுமளவு சம்பிரதாயத்தில் ஆழ்ந்த ஒருவரால்தான், அந்நிய மெட்டொன்றை அச்சமோ அலட்சியமோ இன்றி ஏற்க முடிந்தது. ஆதலின், பிள்ளைகளுக்கு நம் சங்கீதத்தைச் செம்மையாகக் கற்பிப்போமாயின், உலகத்தின் எந்த நாதத்துக்கும் அவர்கள் செவிகளை நாம் அடைக்க வேண்டியதில்லை.